கொர்வாலின் கோயிலில் முப்பத்தோராம் நாள் பூசை

1986 அக்டோபர், ஒரு சனிக்கிழமை. லண்டனிலிருந்து ரயில், கப்பல், மறுபடியும் ரயில் என்று வந்து, காலை பத்தே முக்காலுக்குப் பாரிசின் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். நான் தேடி வந்த மனிதர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. பெயர் பாஸ்தியென் கொர்வால். நிலையத்திலிருந்து வடக்கே பத்து நிமிட நடையில், லா ஷப்பல் பகுதியில், அவர் ஆயுள் முழுக்க ஆர்கன் என்னும் பெரிய குழாய் வாத்தியத்தை வாசித்த கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது.

கொர்வால் செருப்புத் தைப்பவரின் மகன். பகலில் கசாப்புக் கடைக்காரர்களின் பெண்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். கோயிலில் அவருக்குக் கிடைத்த பாடகர்கள் ரயில்வே சரக்குக் கொட்டடித் தொழிலாளர்கள். அவர்களுடைய குரலுக்கு எட்டுகிற அளவுக்கே பூசைப் பாடல்களை எழுதினார். பெரிய கோயில் எதுவும் அவரை அழைக்கவில்லை. பொதுக்குழியில் புதைத்தார்கள். இப்போது அவருக்கு நினைவுக் கச்சேரி: ஞாயிறு மாலை ஐந்தரை மணி, நுழைவு நாற்பது பிராங்க்.

கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு யாழ்ப்பாணத்தார் கடையில் தேநீர் குடித்தேன். நாலு பிராங்க். முருங்கைக்காய் ஒன்று ஏழு பிராங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற இளைஞர் டேப் ரெக்கார்டருக்கு பேட்டரி வாங்கிக்கொண்டிருந்தார். கூட வந்த நடுவயதுப் பெண்மணி என் பேச்சிலிருந்து ஊரையும், கையிலிருந்த குறிப்பேட்டிலிருந்து தொழிலையும் கண்டுபிடித்துவிட்டார்.

"மெட்ராஸ் பத்திரிகையோ? எங்களைப் பற்றி எழுத வந்தனீங்களோ?"

"இல்லைங்க. இந்தக் கோயில்ல ஆர்கன் வாசிச்ச ஒருத்தரைப் பத்தி."

"ஆள் இருக்கிறாரோ?"

"செத்து நூறு வருஷமாச்சு."

"அப்ப அவருக்கு அவசரமில்லை. நாளைக்கு நாலு மணிக்கு எங்கடை பூசைக்கு வாங்கோ. எங்கடை ஆள் செத்து ஒரு மாதந்தான்."

அவர் மக்தலேன், புறநகரான சார்செலில் குடியிருப்பவர். இளைஞர் அருளப்பு. இருவரும் மன்னார்க்காரர்கள். அருளப்புவின் தம்பி சூசைதாசன் கடலில் சூடுபட்டு இறந்தான். உடல் கரைக்கு வரவில்லை.

"ஊரிலை பூசை வைக்கேலாது, அண்ணை. சனம் கோயிலுக்கு வரப் பயம். பங்குச் சுவாமியும் இடம்பெயர்ந்திட்டார்" என்றார் அருளப்பு. "அம்மா கேட்டது ஒண்டுதான். அங்கை பெரிய கோயிலிலை வை, சத்தத்தை எனக்கு அனுப்பு எண்டவ. என்ரை கையிலை இருக்கிறது தற்காலிக வதிவிடச் சீட்டு, அதோடை நான் ஊருக்குப் போகேலாது. திங்கட்கிழமை ஒருத்தர் கொழும்புக்குப் போறார். அவரிட்டைக் குடுத்தாத்தான் உண்டு."

ஞாயிறு, மாலை நாலு மணி. பூசை பெரிய பீடத்தில் அல்ல. வலப்புறச் சிறிய பீடத்தில். சார்செல் ரயில் தாமதம், பாட்டுக்காரர்கள் அதில்தான் வரவேண்டும், ஆகவே நாலு இருபதுக்குத்தான் தொடங்கியது. முப்பது பேர் இருப்பார்கள். பாண்டிச்சேரியிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு குருவானவர் பூசை வைத்தார். அருளப்பு ரெக்கார்டரை பீடத்தின் கீழ்ப்படியில் வைத்துவிட்டு அதன் அருகிலேயே முழந்தாளிட்டார்.

இறந்தவர்களுக்கான மன்றாட்டு வந்தபோது மேல்மாடத்தில் ஆர்கன் முழங்கத் தொடங்கியது. கச்சேரிக்கான ஒத்திகை. குருவானவரின் வாய் அசைந்தது. சூசைதாசனின் பெயர் எனக்குக் கேட்கவில்லை. நான் ஐந்தடி தூரத்தில் இருந்தேன்.

கடைசிப் பாட்டின் முதலடி முடிவதற்குள் சங்கிலித்தாம் (கோயில் வேலையாளை மன்னாரில் அப்படித்தான் அழைக்கிறார்கள்) வந்து, சுவரோரம் தொங்கிய கயிற்றை இழுத்தார். சிறிய மணி ஒன்று அடித்தது. யாரும் நிறுத்தவில்லை. மறுபடி இழுத்தார்; நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. மக்தலேனின் குரல்தான் கடைசி.

"ரெண்டு நிமிஷம் கேட்டேங்க. ஜனங்க வெளியே நிக்கிறாங்கன்னுட்டார்" என்றார் குருவானவர்.

வெளியே வரிசை நின்றது. நல்ல கோட்டுகள். வாசலில் மக்தலேன் அருளப்புவிடம் சொன்னார்: "பிரெஞ்சுக்காரன்ரை செத்தவீட்டிலை நாங்கள் மணியடிச்சா விடுவாங்களோ?" அதற்குள் ஆர்கன் வாசிப்பவர் இறங்கி வந்தார். கீழே பூசை நடந்தது தனக்குத் தெரியாது என்றார். உண்மையாகவே வருந்தினார், முகம் சிவந்திருந்தது. பையிலிருந்து தான் வாசித்த கேசட் ஒன்றை எடுத்து அருளப்புவின் கையில் வைத்தார். கொர்வாலின் இறந்தோர் பூசை இசை.

"மெர்சி, முஸ்யே" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார் அருளப்பு. வேறென்ன சொல்வது.

கச்சேரி ஐந்தரைக்குத் தொடங்கியது. இசை நன்றாக இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அலங்காரம் இல்லாத, களைத்த மனிதர்கள் மூச்சுவிட்டுப் பாட இடம் கொடுக்கிற இசை. நடுவே ஒருவர் எழுந்து கொர்வாலின் பணிவைப் பற்றிப் பேசினார். அந்தக் காலத்தில் குருவானவர் மணியடித்தால் ஆர்கன் நின்றுவிட வேண்டுமாம். மற்றவர்கள் முணுமுணுத்தார்களாம். கொர்வாலோ எந்த இடத்தில் நிறுத்தினாலும் குறை தெரியாதபடி சிறு சிறு துண்டுகளாக எழுதிக்கொண்டாராம். அதே மணி, அதோ அந்தச் சுவரில், என்று காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கனிவோடு சிரித்தார்கள்.

திங்கள், காலை ஒன்பது மணி. அருளப்பு மூன்று பேரோடு தங்கியிருக்கும் அறை ஐந்தாம் மாடியில், லிஃப்ட் இல்லை. மக்தலேன் முன்பே வந்திருந்தார். நேற்றைய பதிவைப் போட்டுக் கேட்டோம். பெயர் வரவேண்டிய இடத்தில் ஆர்கன். பாட்டு வரவேண்டிய இடத்தில் மணியும் நாற்காலிச் சத்தமும்.

"அதிலையே திரும்பப் பதியலாமே" என்றேன்.

"பூசைக்கு மேலை பதியிறதோ? பாவம், அண்ணை" என்றார் அருளப்பு.

வெற்றுக் கேசட் வாங்கலாமென்றால் திங்கள் காலையில் அந்தத் தெருவில் கடைகள் திறக்கவில்லை. கொழும்புக்குப் போகிறவர் பத்தரைக்கு வருவார். அருளப்பு ஆர்கன்காரர் தந்த கேசட்டை எடுத்தார். அதன் மேல் விளிம்பில், அழிக்க முடியாதபடி கம்பெனி உடைத்து விட்டிருந்த சிறு துளையில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை வெட்டி ஒட்டினார்; இனி அதன்மேல் பதியலாம். அதுவும் பூசை இசைதான் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாமல் இல்லை.

மக்தலேன் மன்றாட்டை வாசித்தார். "மன்னார், பேசாலை, சூசைதாசன்" என்று அருளப்பு ரெக்கார்டரின் காதில் சொல்வதுபோலக் குனிந்து சொன்னார். இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் உடைந்தது, நிறுத்தவில்லை. பிறகு கடைசிப் பாட்டை முழுவதும் பாடினார்கள். பக்கத்து அறைக்காரர் சுவரில் தட்டினார். "தட்டட்டும்" என்று கையால் காட்டிவிட்டு மக்தலேன் இன்னும் உரக்கப் பாடினார்.

போட்டுக் கேட்டபோது எல்லாம் தெளிவாக இருந்தது. பாட்டு முடிந்தது, ஒரு சிறு 'டக்', உடனே, அழிபடாமல் மிஞ்சியிருந்த கொர்வால், ஒரு வரியின் பாதியிலிருந்து தொடங்கினார். ஆர்கன் அந்தச் சிறிய அறையை நிறைத்தது.

"அதையும் அழிச்சுவிடும்" என்றார் மக்தலேன்.

அருளப்பு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "விடுங்கோ அக்கா. பெரிய கோயிலிலை தம்பிக்கு வாசிச்சவங்கள் எண்டு அம்மா நினைப்பா."

"பொய்யல்லோ?"

"ஓம்" என்றார். கேசட்டை வெளியே எடுத்து, அட்டையிலிருந்த கொர்வாலின் பெயரை அடித்துவிட்டுத் தம்பியின் பெயரை எழுதினார். கீழே தெருவிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் கூப்பிட்டார்.