எடைமேடைக்காரியின் எடை

முத்தையாபுரம் தாண்டித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு எடைமேடையில் எனக்கு வேலை. சரக்கு லாரி மேடையில் ஏறி நின்றதும் எடை பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். பாரம் கூடியிருந்தால் எந்த முதலாளியின் லாரியானாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். மீசை முறுக்கிய டிரைவர்கள் கெஞ்சிக்கொண்டு நிற்பார்கள். அப்படிப்பட்ட எனக்கே பாரம் கூடிப்போனதுதான் வெட்கக்கேடு.

ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று ஷிப்ட் மாறும். ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்த டெய்லரக்கா, இனிப் பிரிக்க உள்ளே துணியில்லை என்று கைவிரித்துவிட்டார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டரிடம் காட்டுவோம், ராத்திரி வேலைதான் காரணமென்றால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீட்டில் என் பேச்சை மிக்சிகூடக் கேட்காது. அங்கே பதினாறு சக்கர லாரி கேட்கும். அதை எப்படி விடுவது?

டாக்டரம்மா எத்தனை வேளை சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். மூன்று வேளை என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கூட வந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை. கண்முழித்து வருகிறவள் வெறும் வயிற்றோடு படுக்கலாமா, காலையில் இட்லியும், மத்தியானம் தட்டி எழுப்பிச் சாளைமீன் குழம்பும் சோறும் நான்தானே கொடுக்கிறேன் என்றார். வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? சாயங்காலம் பரோட்டா வாங்கி வருவது தானாக்கும் என்றார். கிளம்பும்போது தோசை சுட்டுத் தருவது மகள். எடைமேடையில் குடிக்கிற டீயையும் தின்கிற பன்னையும் பற்றி நான் மூச்சு விடவில்லை. ஆளுக்கொரு வேளையைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். எல்லா வேளையும் சாப்பிட்டது நான்.

அடுத்து டாக்டரம்மா, பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறார் என்று கேட்டார். இதற்குப் போட்டியில்லை. இரண்டு பேரும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்கள்.

"வேலைய விடுறத அப்புறம் யோசிக்கலாம். முதல்ல இவங்கள சாப்பிட்டியான்னு கேக்கறத நிறுத்துங்க" என்றார் டாக்டரம்மா.

மறுவாரம் ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வந்தேன். இட்லிக் கொப்பரை கவிழ்ந்து கிடந்தது. மாமியார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தினமும் கேட்ட கேள்வியை அடக்கி அடக்கி அவர் வாய் துடித்தது.

"ஏளா, சாப்பிட்டியான்னு கேக்கக் கூடாதுன்னுட்டாவ. நேத்து பகல்ல தூங்குனியான்னு கேக்கலாம்லா?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. இந்த வேலைக்குப் போன நாளிலிருந்து அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இல்ல அத்தே என்றேன்.

போய்ப் படு என்றார். மீன்காரி தெருமுனையில் கூவியதும், உள்ளே ஆள் உறங்குது என்று எதிரே போய் அவளை மறித்தாராம். மகள் பிறகு சொன்னாள். அன்று மத்தியானம் என்னை யாரும் எழுப்பவில்லை.

சாயங்காலம் யாரோ தோளைத் தொட்டார்கள். வீட்டுக்காரர். கையில் பரோட்டாப் பொட்டலம் இல்லை.

"எந்திரி. ஷிப்டுக்கு நேரமாச்சுல்லா" என்றார்.