அத்தை மென்ற வெற்றிலை

மார்கழி விடியலில் ஆம்பூரில் தோல் பதனிடும் மண்டியின் பின்புறம் ஆவி பறக்கும்; தோல் ஊறிய குழிகளிலிருந்து அள்ளிக் கொட்டிய ஆவாரம்பட்டைச் சக்கை உள்ளுக்குள் புளித்துச் சூடேறி, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு கை வைத்தால் சோற்றுப் பானையைப் போல இதமாக இருக்கும். அங்கே பட்டை நிறுக்கும் வேலை பார்த்த அப்பா, குளிர்காலம் முழுவதும் அந்தச் சக்கையைக் கூடையில் கொண்டுவந்து எங்கள் கிணற்றடி வெற்றிலைக் கொடிக்குப் போடுவார்.

வெற்றிலைக்குக் குளிர் ஆகாது. "பனி கண்ணுக்குத் தெரியாத ஆடு, தளிரா பாத்துத்தான் மேயும்" என்பாள் அம்மா. வேரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சக்கையை வளையமாகப் போடுவது, மாலையில் தண்ணீர் விடாமலிருப்பது, பொழுது சாயுமுன் கோணிப்பையால் கொடியை மூடுவது, காலையில் கோணியை எடுத்ததும் கிணற்றின் வெதுவெதுப்பான நீரால் இலையில் படிந்த பனியைக் கழுவுவது என்று எங்களுக்கு ஒரு முறை இருந்தது. கழுவுவது என் வேலை.

அப்பாவின் அக்கா அதே ஊரில் ஜவுளிக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒரு பொங்கலுக்கு அம்மா தட்டு நிறைய இலை கொண்டுபோனபோது, வந்திருந்தவர்கள் முன்னாலேயே, "தோல் ஷாப்பு நாத்தத்துல வளந்த எலைய மனுசன் போடுவானா? மாட்டுக்குப் போடு" என்றாள். மாடு தின்றது. அம்மா வெறுந்தட்டோடு திரும்பினாள். அந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கழுவியவள் நான், மறக்கவில்லை.

அடுத்த தையில் பனி கொடுமையாக இருந்தது. கடைத்தெருவுக்கு வந்த இலையெல்லாம் கறுத்துச் சுருண்டிருந்தது. அதே வாரத்தில் அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம். வெற்றிலை இல்லாமல் தாம்பூலம் மாற்ற முடியாது. அத்தை எங்கள் கொல்லைக் கதவைத் தட்டி, "கொஞ்சம் எல குடு, பேஜாராப் போச்சு" என்றாள். அம்மா மறுபேச்சில்லாமல் பறித்துக் கொடுத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

நிச்சயதார்த்தத்தில் அம்மா சமையற்கட்டில் நின்றாள். கூடத்தில் தட்டை ஏந்தி நின்றவள் நான். மாப்பிள்ளையின் தாயார் ஓர் இலையைத் தடவிப் பார்த்து, "இந்தப் பனியில இன்னா பசுமை. எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

"குடியாத்தத்துல சொல்லி வெச்சு வரவழைச்சோம்" என்றாள் அத்தை.

"இல்லீங்க, எங்க ஊட்டுக் கொடி" என்றேன் நான். பிறகு சக்கை, வளையம், கோணி, கிணற்று நீர் என்று எதையும் விடாமல், வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போலச் சொன்னேன். தோல் ஊறிய குழியை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

அந்த அம்மாள் இலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "மொதல்ல நீங்க போடுங்க சம்பந்தி" என்றாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். இலையின் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டாள். துப்பிவிடுவாளோ என்று நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்கினாள். "நல்லா காரமா இருக்குது" என்று சிரிக்கவும் வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் தாம்பூலம் மாறியது.

இப்போது நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைச் சாலையில் வேலை செய்கிறேன். அம்மாவும் அப்பாவும் என்னோடு வந்துவிட்டார்கள். மண்டிச் சக்கை அடுப்பெரிக்கப் போகிறதாம். எங்கள் கிணற்றடியில் கொடி இல்லை, கிணற்றையே தூர்த்துவிட்டார்கள். அத்தை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. "பெரியவங்க, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா இன்னா?" என்று அப்பா அவ்வப்போது கேட்கிறார். நான் அன்று சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மன்னிப்புத்தான் வேண்டுமென்றால், முதலில் அத்தை வந்து அம்மாவிடம் கேட்கட்டும்.