மறக்கச் செய்யும் என்று கேட்டேன்

ஆண்டவரை நேசிக்கிற என் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் தோணிரேவிலிருந்து ஜெயசீலி எழுதுகிறேன். சபையில் எழுந்து நின்று சொல்லச் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள். இதை எழுதட்டுமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கேட்க வேண்டும் என்பதையே நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

முந்தின வருஷத்து ஐப்பசியில், மழை பிடிப்பதற்கு முன்னால், என் வீட்டுக்காரர் தேவராஜும் அவர் தம்பியும் முகத்துவாரத்தில் படகோடு கவிழ்ந்தார்கள். ஏரியும் கடலும் சேருகிற அந்த இடத்தில் அலை எப்படிப் புரட்டும் என்று உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் கரைக்கு வந்தார். என் கொழுந்தன் வரவில்லை. மறுநாள் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒதுங்கினான். அவனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தோம்.

அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் பேசவில்லை. எங்கள் வீட்டு வாசல் ஏரியைப் பார்த்தது. அவர் பின்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். படகு இன்ஜின் சத்தம் கேட்டால் போதும், உடம்பெல்லாம் வேர்த்துவிடும். சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். ஒருநாள் என்னிடம், "நானும் அவங்கூடவே போயிருக்கணும் சீலி" என்றார். அன்றிலிருந்து என் முந்தானையை அவர் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் படுப்பேன். அவர் அசைந்தால் எனக்கு விழிப்பு வந்துவிட வேண்டும். அந்த மாதிரித் தூக்கம் என் எதிரிக்கும் வேண்டாம்.

ஊர் எங்களைக் கைவிடவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னார் இன்ன இடம் என்று முறை பிரிப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். சாவு விழுந்த வீட்டுக்காரனின் பாட்டைக் கூட்டாளிகள் சேர்ந்து கட்டி, பங்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுவார்கள். துக்கத்தில் இருப்பவனிடம் போய் வலைக்கு வருகிறாயா என்று கேட்பது எங்கள் பக்கம் பெரிய பாவம். அவருடைய சிநேகிதர் மணி அண்ணன் முறை தவறாமல் கட்டினார். ஒரு தடவைகூட வீட்டுக்குள் வந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இறாலை வாசலில் வைப்பார், என்னிடம் தலையாட்டுவார், போய்விடுவார்.

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். செத்துப்போனவன் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று எனக்கும் மாமியாருக்கும் பேசாமலே ஓர் ஒப்பந்தம். அவன் படத்தை மாமியார் அரிசிப் பானைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்துவிட்டார். பெற்ற வயிறு, அழாமல் இருக்குமா? சவுக்குத் தோப்புப் பக்கம் ஒதுங்குவதுபோலப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவார். நான் மீன் கழுவுகிற நேரத்தில் அழுதுகொள்வேன். மூன்று பேரும் ஒரே ஆளுக்காக மூன்று மூலையில் அழுதோம்.

வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். என் ஜெபம் ஒன்றே ஒன்று. "ஆண்டவரே, அவரை மறக்கச் செய்யும்." வருஷம் ஓடியது. அவர் மறக்கவில்லை. எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. சபையில் பாட்டுப் பாடும் வேளையில் வாயைத் திறக்காமல் நின்ற நாட்கள் உண்டு, இப்போது சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் பாஸ்டரம்மா டவுனில் இருக்கிற சமுதாயக் கல்லூரியைப் பற்றிச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். மனநல உதவியாளர் என்று ஒரு படிப்பு, அதில் முதல் பாடம் உளவியல் அறிமுகம், மனசு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொடுப்பார்கள் என்றார். நினைவு, மறதி என்றே ஒரு பகுதி இருக்கிறது என்றதும் சரி என்றுவிட்டேன். படித்து வேலைக்குப் போகும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. மறக்க வைக்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

நம் சபை அக்கா ஒருவரே கேட்டார், "ஜெபம் பண்றத வுட்டுட்டுப் பைத்தியத்துக்குப் படிக்கப் போறியாமே?" எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஆமாக்கா, படிச்சி முடிச்சதும் மொதல்ல உன்னத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வகுப்பில் எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பெண்கள். நான் போய் உட்கார்ந்ததும் யாரோ ஒரு பெண்ணின் அம்மா வந்திருப்பதாக நினைத்தார்கள். பாடம் எடுத்த மிஸ்ஸே என்னைவிடச் சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நினைவைப் பற்றிய பாடம் வந்த அன்று கையைத் தூக்கினேன்.

"மிஸ், ஒருத்தர மறக்க வைக்கறதுக்கு இன்னா பண்ணணும்?"

பெண்கள் சிரித்தார்கள், காதல் சமாச்சாரம் என்று. மிஸ் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தி விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதைப் பத்தி அவர் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்கார்க்கா?"

"ஒண்ணும் சொன்னதில்ல மிஸ். நாங்க கேட்டதேயில்ல."

"வலைக்கு வரலன்னு அவரா சொன்னாரா?"

அவரை யாருமே கேட்கவில்லை. நாங்களாகவே எல்லாவற்றையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டோம், ஏரியை, வேலையை, தம்பியின் பேரை.

பயந்த இடத்தைவிட்டு விலக விலக அப்போதைக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் பயம் வளரும் என்று மிஸ் விளக்கினார். உடனே எனக்கு வேகம் வந்துவிட்டது, இன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் இறக்கிவிடுகிறேன் என்றேன். மிஸ் பதறிவிட்டார். "இழுக்காதீங்கக்கா. கேளுங்க. அவர் பேசினா குறுக்க பேசாதீங்க. அழாதீங்கன்னு சொல்லாதீங்க. அரசு ஆஸ்பத்திரில மனநல டாக்டர் இருக்காங்க, அவங்ககிட்ட கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. இந்த ஒரு பாடத்தப் படிச்சிட்டு நீங்களும் டாக்டர் இல்ல, நானும் டாக்டர் இல்ல."

திரும்பி வரும்போது திருப்பாலைவனத்தில் பஸ் வெகுநேரம் நின்றது. ஜன்னலோரம் நெல் வயல். நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன ஜெபிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. "இத்தனை நாள் தப்பாகக் கேட்டுவிட்டேனா ஆண்டவரே? எதைக் கேட்க வேண்டும் என்று நீரே சொல்லிக்கொடும். என் வாயைக் கட்டும்" என்றேன். அவ்வளவுதான். உபவாசம் இல்லை, முழங்கால் போடவும் இல்லை. பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த பாடு வந்தபோது மணி அண்ணனிடம் போனேன். "இந்த வாட்டி நீயே வூட்டுக்கு வந்து அவரக் கேளுண்ணா, வரியா இல்லியான்னு."

அவருக்கு முகமே மாறிவிட்டது. "எழவு வூட்ல வந்து வலைக்கு வரியானு கேக்கச் சொல்றியா? நாங்க இன்னா மனுசனா மிருகமா?"

"கேக்காம வுட்டதுலதான்ணா அவரு செத்துகினு கீறாரு" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. மணி அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

மாமியார் வாசலிலேயே மறித்தார். "எம்புள்ளயக் கொல்லப் பாக்குறியாடி?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. எனக்கும் பயம்தான், ஆனாலும் அவர் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்திக்கொண்டேன்.

மணி அண்ணன் பின்கட்டுக்குப் போய் அவர் முன்னால் குந்தினார். எத்தனை நாள் கழித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்! "தேவா, இன்னிக்கி உன் பாடு. நீ வரியா? இல்ல, எப்பவும் போல நாங்களே கட்டட்டுமா?"

என் வீட்டுக்காரர் சொன்னார், "யாரும் கட்டாதீங்க."

"சும்மா வுட்றதா? இன்னாடா சொல்ற?"

"சும்மா கெடக்கட்டும்."

பாட்டைச் சும்மா விடுவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். ஊரே என்னைத்தான் ஏசியது, படிக்கப் போன திமிர் என்று. ஆனால் மணி அண்ணன் என் வீட்டுக்காரர் சொன்னபடியே விட்டுவிட்டார்.

சாயங்காலம் மற்றவர்கள் எல்லாரும் கழி ஊன்றி வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து, பின்கட்டிலிருந்து வாசலுக்கு வந்து, கரைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். மாமியாரும் எனக்குப் பின்னால் வந்தார். எல்லா இடத்திலும் வலை இருந்தது, அவர் இடத்தில் மட்டும் வெறும் தண்ணீர். அதைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எனக்கு எவ்வளவு பெரிய உபவாசம் என்று.

வெளிச்சம் குறையும் நேரத்தில் பேசினார்.

"அவங்கையப் புடிச்சிகினுதான் இருந்தேன் சீலி. அல அடிச்சிகினே கெடந்திச்சி. ரெண்டு பேரும் முழுகிகினு இருந்தோம். அவன் வுடல. நாந்தான் வுட்டேன்."

பிறகு, "அண்ணானு கூடக் கூப்டல. என்னப் பாத்தான்" என்றார்.

உன் தப்பில்லை மாமா, எல்லாம் ஆண்டவர் சித்தம், அழாதே என்று அத்தனை வார்த்தையும் தொண்டைக்கு வந்துவிட்டது. ஒன்றையும் வெளியே விடவில்லை. அது என் பலம் இல்லை. பஸ்ஸில் கேட்டதை ஆண்டவர் அந்த நிமிஷத்தில் தந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பின்னால் மணலில் சத்தம் கேட்டது. மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். ஒரு பிள்ளையின் கையை இன்னொரு பிள்ளை விட்டான் என்று கேட்ட தாய் என்ன சொல்வாள்?

அவர் எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார். மகனின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தக் கையா நைனா?"

ஆமாம் என்று என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

"இதுவாவது வந்து சேந்துச்சே. இதுவும் வராமப் போயிருந்தா நா யார் மூஞ்சப் பாப்பேன்?"

அப்புறம் மாமியார் ஏரியைப் பார்த்து, சின்ன மகனின் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதார். அடக்கத்துக்குப் பிறகு அந்தப் பேரை எங்களில் ஒருவர் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரரும் அந்தப் பேரைச் சொல்லி அழுதார். வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் அப்படியே நின்றார்கள். ஒருவரும் வந்து தடுக்கவில்லை.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாட்சி என்பதற்காகப் பொய் சொல்லலாமா? மாசாமாசம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது மணி அண்ணனோடு கரையோரப் பாட்டுக்குப் போகிறார். முகத்துவாரத்துக்குப் போவதில்லை, போகச் சொல்லி நானும் கேட்பதில்லை. சில நாள் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு நானும் சமையலை விட்டுவிட்டு அவரோடு அதே சுவரைப் பார்த்து உட்காருவேன். முந்தானையை முடிந்துகொண்டு படுப்பது நின்றுவிட்டது. கொழுந்தன் படம் சுவருக்கு வந்துவிட்டது. முதல் பாடத்தில் நான் பாஸ். மீதியும் படிக்கிறேன், இந்தத் தடவை வித்தை கற்க இல்லை.

மறக்கச் செய்யும் என்று கேட்டேன். ஆண்டவர் எங்களை ஒன்றாக உட்கார்ந்து நினைக்க வைத்தார். கேட்டது கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கிடைத்தார். அதற்கு நன்றி சொல்ல எனக்கு ஆயுசு போதாது.

உங்கள் வீட்டிலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவர் யாராவது இருந்தால் அவருக்காக ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேச வேண்டாம். மீதியை ஆண்டவரிடம் விடுங்கள், டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். என்னைப் போல வாயாடியையே ஆண்டவர் வாய் மூட வைத்தார், உங்களுக்குச் செய்யாமல் இருப்பாரா?

இதை வாசிக்கிறவருக்கு ஒரு வேண்டுகோள். வாசித்து முடித்ததும் என் கொழுந்தன் பேரைச் சத்தமாகச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் அழுதால் அழட்டும், யாரும் தடுக்க வேண்டாம்.

அவன் பேர் சாமுவேல்.