வாசல் கொடியில் ஒரு சின்னக் கம்பளி

என் தம்பி பிறப்பதற்கு முந்தின ஐப்பசியில் எங்கள் வீட்டுக் குடை கெட்டுப்போனது. நடந்ததை அந்தக் குடையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

அப்பா பென்னாகரம் சந்தைக்குக் கிளம்பும்போது மழை பிடித்தது. வாசலில் நின்று குடையை விரித்தார். ஒரு பக்கம் விரிந்தது. மறுபக்கம் அடிபட்ட காக்கையின் இறக்கை போலத் தொங்கியது. கம்பி இரண்டைக் காணோம். அவர் குடையைப் பார்த்தார், உள்ளே இருந்த அம்மாவைப் பார்த்தார், ஒரு கோணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த மழைக்காலம் முழுவதும் அவருக்குக் கோணிதான்.

கம்பிகள் அம்மாவிடம் இருந்தன. முனைகளைக் கல்லில் தேய்த்துப் பின்னல் ஊசிகளாக்கியிருந்தாள். அம்மா பிறந்தது பொம்மிடியில். அங்கே ரயில்வே குடியிருப்பில் இருந்த ஓர் அம்மாளிடம் கம்பளி பின்னக் கற்றவள். எங்கள் ஊரில் வேறு யாருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவரும் இல்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. எனக்குப் பின் பிறந்த இரண்டு பேரும் குளிர்காலத்தில் வந்து, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டார்கள். அடுத்த பிள்ளையும் மார்கழியில்தான் பிறக்கும் என்றார்கள்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு முன்கூட்டி எதுவும் செய்யக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தொட்டில் கட்டக் கூடாது, துணி தைக்கக் கூடாது. பிறந்த பிறகும் பெயர் வைக்கும்வரை புதுத்துணி ஆகாது. நைந்த பழைய வேட்டிதான். இந்த வழக்கத்துக்குக் காவல் எங்கள் அத்தை. அப்பாவின் அக்காவான அவர், கணவர் இறந்த பின் எங்களோடு இருந்தார். வீட்டில் அவர் சொன்னதுதான் நடக்கும்.

சந்தையில் கம்பளி விற்க வரும் ஆட்டுக்காரக் குடும்பத்துப் பெண்ணிடம் அம்மா நூலுக்குப் போய் நின்றாள். அவள் அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள்.

"கூசுக்கா?" என்றாள். அவள் கன்னடத்தில் கூசு என்றால் கைக்குழந்தை. "இது குத்தும்மா. குட்டியோட மொத வெட்டு ரோமத்துல நூத்தது ஒண்ணு இருக்குது. மெத்துனு இருக்கும், எடுத்துக்க."

சாம்பல் நிற நூல். நான் இரண்டு கைகளையும் நீட்டிச் சிட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். அம்மா உருண்டையாகச் சுற்றுவாள். தானியக் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு குட்டிப் போர்வை பின்னினாள். உடம்பில் படும் பக்கத்துக்கு அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து வைத்துத் தைத்தாள். சிக்கல் வந்தது அளவில்தான். பிறக்காத பிள்ளையை எப்படி அளப்பது? எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையை முதலில் முறத்தில் கிடத்துவார்கள். ஆகவே அம்மா முறத்தையே அளவாக வைத்துக்கொண்டாள். அதே முறத்தில் கேழ்வரகு புடைக்க அத்தை வந்தார்.

"ஏ புள்ள, மொறம் எங்க?"

என் கண் குதிருக்குப் பின்னால் போய்விட்டது.

அத்தை எட்டிப் பார்த்தார். "வவுத்துல இருக்கறதுக்குத் துணியா? உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, பெத்தவளே கம்பளி தெச்சுக் காவு குடுத்துட்டான்னு ஊரு பேசும்."

அம்மா ஊசியை நிறுத்தவில்லை. "பேசட்டுங்க அக்கா. போன ரெண்டுக்கும் ஒரு நூலுகூடத் தெக்கல. நீங்க சொன்னபடியேதான் இருந்தேன். அதுங்க எங்க இருக்குதுங்க, காட்டுங்க பாக்கலாம்."

அத்தை முறத்தை உருவிக்கொண்டு போனார். அன்று புடைத்த வேகத்தில் கேழ்வரகு வாசல் முழுக்கப் பறந்தது.

போர்வை முடிந்த மறுநாள் காலை அம்மா அதை என்னிடம் கொடுத்தாள். "வாசக் கொடியில போடு கண்ணு. ஈரமா இருக்குது."

தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. அதைச் சொன்னேன். "ஈரந்தான், போடு" என்றாள். போட்டேன். அத்தை எடுத்து உள்ளே எறிந்தார். அம்மா மறுபடி என்னை அனுப்பினாள். தினமும் இதே கதை. ஒருநாள் ஏர் பூட்டிப்போன ஒருவர் நின்று கேட்டார்.

"யாருதுங்க, இத்தினிக்கூண்டு கம்பளி?"

"வர்ற மாசம் ஒருத்தர் வராருங்க. அவருதுங்க" என்றாள் அம்மா. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் மாட்டை அதட்டினார்.

மார்கழி விடியலில், பனி இறங்கிக்கொண்டிருக்கும்போது, தம்பி பிறந்தான். பழைய வேட்டித் துண்டில் அவனைச் சுற்றி முறத்தில் கிடத்தினார்கள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. "கம்பளிய எடுத்தா கண்ணு."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். வாசற்படியிலேயே அத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். உள்ளே தம்பி அழுதான், அழுகை நடுங்கியது. அத்தை போர்வையைத் திருப்பி, வேட்டித்துணி தைத்த பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மருத்துவச்சியிடம் சத்தமாகச் சொன்னார்:

"பழந்துணிதான். பாரு, எந்தம்பி வேட்டி."

பாயிலிருந்து அம்மா சொன்னாள்: "வெளிப்பக்கம் புதுசுங்க அக்கா."

அத்தை காதில் விழாதவர் போல, தானே தம்பியை அதில் சுற்றினார்.

தம்பி பிழைத்தான். இப்போது அப்பாவைவிட உயரம். நான் நர்ஸ் படிப்பு முடித்துப் பிரசவ வார்டில் இருக்கிறேன். பிறந்த பிள்ளையைக் குளிர் என்ன செய்யும் என்று வகுப்பில் படித்தபோதே அம்மா செய்தது சரி என்று தெரிந்துவிட்டது. கொடி விஷயம்தான் வெகுநாள் பிடிபடவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ஈரம் எது, காய்ந்தது எது என்று தெரியாதுபோல என்றுதான் அப்போது நினைத்தேன். தம்பியும் போயிருந்தால், ஊரே பார்த்த அந்தப் போர்வைதான் அவளுக்கு எதிரான சாட்சி. குதிருக்குப் பின்னாலேயே வைத்திருந்தால் யாருக்கும் தெரியாமல் எரித்திருக்கலாம். அது தெரிந்தேதான், இந்தப் பிள்ளை தங்கும் என்று ஊருக்கே சொல்வதுபோல, காய்ந்த துணியைக் காயப்போட என்னை அனுப்பிக்கொண்டிருந்தாள். நானோ, கொடியில் அது கோணாமல் தொங்க வேண்டும் என்பதிலேயே குறியாக, இரண்டு முனைகளையும் இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன்.