ஊற்றுவாயில் பூட்ஸ் தடம்

இலங்கை மலைநாட்டு ஹட்டன் ஸ்டேஷனில் வேன் ஓட்டத் தொடங்கியபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘யெஸ்’, ‘நோ ப்ராப்ளம்’ இரண்டும்தான். தொண்ணூறுகளின் பின்பகுதி அது. ரயிலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களை எல்லா வேன்காரர்களும் ஒரே அருவிக்குத்தான் கூட்டிப்போவார்கள். நான் கொஞ்சம் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். ஒரு நாள் கணவனும் மனைவியுமாக வந்த இருவரிடம், யாரும் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது என்று கையைக் காலை ஆட்டிப் புரியவைத்துக் கூட்டிப்போனேன்.

அந்த இடம் டிக்கோயா பக்கம், என் அக்கா கொழுந்து பறித்த தோட்டத்தின் உச்சியில் இருந்தது. தேயிலை முடிகிற இடத்தில் வெட்டாமல் விட்ட ஒரு துண்டுக் காடு. பாசி மூடிய கரை. அதன் அடியில் ஊற்று. அங்கிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர்தான் தோட்டத்து ஆள்களின் வரிசை வீடுகளான லயத்தில், பொதுக்குழாய்ப் பீலியில் விழும். குடிக்க, சமைக்க, குளிக்க அத்தனை வீட்டுக்கும் அந்த ஒரு பீலிதான். அதனால் காட்டுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வாரம் ஒரு வீட்டு முறை. அந்த வீட்டுப் பெண் மட்டும் மேலே போய் ஊற்றுவாயில் விழுந்த இலைகளை அள்ளிவிட்டு வருவாள். செருப்பைக் காட்டோரமே கழற்றிவிட வேண்டும், பாசியில் கால் படக் கூடாது, தீட்டு நாளில் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் சாமியைக் காரணம் சொல்வார்கள். பாசி பிய்ந்தால் மண் சரியும் என்பது அந்தச் சாமிக்கும் தெரிந்திருக்கிறது.

காட்டோரம் வந்ததும் பழக்கத்தில் என் செருப்பைக் கழற்றினேன். அதைப் பார்த்து அந்த அம்மாள் நின்றுவிட்டாள். தன் பூட்ஸைக் காட்டி, நாங்களும் கழற்ற வேண்டுமா என்று கேட்டாள். குனிந்து கயிற்றில் கையையும் வைத்துவிட்டாள்.

எனக்கு உடம்பே கூசியது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றவர்களுக்குப் பிறந்தவன் நான். ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்துக் காலில் கிடப்பதைக் கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நோ ப்ராப்ளம் மேடம்” என்றேன். அவள் சந்தேகத்தோடு இன்னொரு தடவை பார்த்தாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

இருவரும் பாசியில் ஏறி உட்கார்ந்து, கால் நனைத்து, படம் எடுத்தார்கள். நல்ல மனுஷர்கள். பிஸ்கட் உறையைக்கூடப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் சொல்லி இன்னும் பலர் வந்தார்கள். லயத்தார் மலையில் வேலையாக இருக்கும் நேரம் பார்த்து, பின்பக்கத்துப் பாதையால் கூட்டிப்போவேன். எல்லோரும் பூட்ஸோடுதான். சிலர் சோப்புப் போட்டுக் குளித்தார்கள், அதற்கும் சிரித்தேன். அவர்களை அனுப்பிவிட்டு வந்து தடங்களை அழித்து, பெயர்ந்த பாசியைத் திரும்ப அப்பி வைப்பேன். பார்வைக்குப் பச்சையாகத்தான் இருந்தது. கடைசித் தடவை மழை வந்துவிட்டதால் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அந்த மழை விடவில்லை. கரை சரிந்தது. பீலியில் இரண்டு நாள் செம்மண்ணாக வந்தது, மூன்றாம் நாள் நின்றே போனது. அந்த வாரம் முறை அக்காவுடையது.

தீட்டோடு போயிருப்பாள் என்று யாரோ சொல்ல, பொழுது சாய்வதற்குள் அதுவே முடிவாகிவிட்டது. கோயில் முன்னால் கூட்டம் போட்டு அவளைக் கேட்டார்கள். நானும் அங்கே நின்றேன்.

“நான் சுத்தமாத்தாங்க போனேன்” என்றாள் அக்கா. பிறகு என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

கரை சரிவதற்கு முன்னால் மேலே போனவள் அவள் ஒருத்திதான். நான் அழிக்காமல் விட்ட பூட்ஸ் தடங்களைப் பார்த்திருந்தாள். அந்தப் பூட்ஸ்காரர்களை யார் கூட்டிவந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். சொல்லியிருந்தால் என் கை கால் மிஞ்சியிருக்காது; வேன் பிழைப்பும் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இனி அவள் வீட்டுக்கு முறை கிடையாது, எல்லோரும் தண்ணீர் பிடித்த பிறகுதான் அவள் குடம் வைக்க வேண்டும் என்று முடிவு செய்து கலைந்தார்கள்.

அந்த ஊற்று திரும்பவே இல்லை. மாதக்கணக்கில் கீழே ஓடையிலிருந்து சுமந்தார்கள். அடுத்த மலையிலிருந்து குழாய் போட்ட பிறகு பீலியில் தண்ணீர் விழுந்தது, அக்காவுக்குப் போட்ட கட்டு மட்டும் அவிழவில்லை. எங்கே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலும், குடத்தோடு ஓரமாக ஒதுங்கி நிற்கும் அவள் என் கண்ணில் வந்து நிற்பாள். பட்டப்பகலில், வேன் நிறைய ஆள் இருக்கும்போதே வருவாள். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

அதற்குப் பிறகு வேனில் ஏறும் முன்பே ஆள்களிடம் சொல்லிவிடுவேன்: பாதையை விட்டு இறங்கக் கூடாது, ஊற்றில் சோப்பு கூடாது, கொண்டுபோகிற குப்பை திரும்பி வர வேண்டும். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. சொன்னால் கேட்கிறவர்கள்தான் என்று தெரியத் தெரிய, அன்றைக்குச் சொன்ன ‘நோ ப்ராப்ளம் மேடம்’தான் காதில் கேட்டது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாங்க முடியாமல் பீலிக்கரைக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் இருந்தார்கள், ஓரமாக அக்காவும். வெள்ளைக்காரர்களைக் கூட்டிவந்தது நான், கரையை மிதிக்கவிட்டது நான், அக்கா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதுவிட்டேன்.

வரிசையில் முன்னால் குடம் வைத்திருந்த ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“அக்கா பேரக் காப்பாத்த இம்புட்டுப் பழிய ஒந்தலையில போட்டுக்கிறியே தம்பி. பெத்தா இப்புடி ஒரு புள்ளயப் பெக்கணும்.”

“இல்லீங்க, நெசமாத்தான் சொல்றேன்!” என்று கத்தினேன். நான் கத்தக் கத்த அவர்களுக்கு என்மேல் பாசம்தான் கூடியது. ஒருத்தி என் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

அக்கா எல்லோருடைய குடமும் நிறையும்வரை நின்றுவிட்டு, தன் குடத்தைக் கொண்டுபோய்ப் பீலிக்கு அடியில் வைத்தாள்.