பெட்டி மாறிய கைக்கடிகாரம்

அமைச்சரின் கார் ஓட்டுநரை அலுவலகத்தில் எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்டை அப்படி. இருபத்திரண்டு வருஷ ஓட்டத்தில் வண்டியிலும் கீறல் கிடையாது, பேரிலும் கீறல் கிடையாது.

அந்த மனுஷன் அன்றைக்கு, அமைச்சர்களுக்கு வரும் பரிசுகளை ஒப்படைக்கிற அரசாங்கக் கிடங்கின் வாசலில் துணிப்பையை இடுக்கிக்கொண்டு நின்றார்.

பதினோரு நாளுக்கு முன்னால் வெளிநாட்டுக் குழு ஒன்று விருந்து வைத்தது. அமைச்சருக்கு ஒரு பெட்டி, ஓட்டுநருக்கு ஒரு பெட்டி, இரண்டிலும் ஒரே நீலக் காகிதம். காரிலிருந்து இறக்கும்போது மாறிப்போனது. அமைச்சர் பிரித்துக்கூடப் பார்க்காமல், "கிடங்குல குடுத்துடுப்பா" என்றுவிட்டார். கிடங்கில் பிரித்தபோது அதில் இருந்தது ஒரு பிளாஸ்க். அமைச்சர் பேரில் பிளாஸ்க் என்று பதிவானதை ஹாரனே பார்த்தார். தன் பெட்டியை அலமாரி மேல் போட்டு மறந்தவர், நேற்றுதான் பிரித்தார். தங்கக் கைக்கடிகாரம்!

"மாமா, அங்க பிளாஸ்க்னு எழுதியாச்சு. இத யாரு தேடப் போறா? பாப்பா படிப்பு முடியற வரைக்கும் கவலையில்ல" என்றான் மனைவியின் தம்பி.

"வாய மூடுடா" என்றாள் மனைவி. ஆனால் அவளுக்கு வேறு பயம். "ஏங்க, இத்தன நாள் வச்சிருந்துட்டு இப்பக் குடுத்தா நம்புவாங்களா? திருடன்னு வேலையவிட்டுத் தூக்கிட்டா?"

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன ஹாரன், சத்தத்தையே காணோம்? உள்ள வாங்க."

இதுவரை ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போனவர்தான். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். வெள்ளிக் கப்பல், கல் பதித்த வாள், ஆள் உயரத்துக்குச் சுருட்டிய கம்பளங்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டிய சீட்டு. எத்தனை அமைச்சர்கள் வந்து போனார்கள், ஒரு ஸ்பூன்கூட இங்கிருந்து நகரவில்லை. காவலுக்கு இந்த ஒரு ஒல்லி அம்மாள்!

ஹாரன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"கையில போட்டுப் பாத்தீங்களா?"

"ஒரே ஒரு தடவம்மா. லூசா இருந்துச்சு."

அம்மாள் சிரிக்கவில்லை. பதிவேட்டில் பழைய வரிமேல் சிவப்புக் கோடு இழுத்தார். கீழே எழுதினார்: பெட்டி மாறியது, ஓட்டுநர் தாமாகவே கொண்டுவந்தார், முப்பது நாள் கெடுவுக்குள். பிளாஸ்க்கை அவர் பக்கம் தள்ளினார். "இது உங்களுது. விலை வரம்புக்குள்ளதான் இருக்கு, நீங்களே வச்சுக்கலாம்."

"டிரைவருக்குக்கூடவா வரம்பு?"

"அரசாங்கச் சம்பளம் வாங்குற எல்லாருக்கும் ஒரே வரம்பு. திருத்தினதுக்கு அமைச்சரும் நீங்களும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்." போனை எடுத்தார்.

அமைச்சரே இறங்கி வந்தார். கடிகாரத்தைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரிச்சுப் பாக்காம விட்டுட்டேனே" என்று சிரித்தார் அமைச்சர். "சாயங்காலம் ஒரு கல்யாணம். போட்டுட்டுப் போயிட்டுக் குடுத்திடறேம்மா."

"முடியாது சார். மதிப்புப் போட்டு வரட்டும். வேணும்னா விலை குடுத்து வாங்கிக்குங்க."

ஊரையே எழுந்து நிற்க வைக்கிற மனுஷர், கடிகாரத்தை மெதுவாகப் பெட்டியில் வைத்தார். கையெழுத்துப் போட்டார். ஹாரன் தோளைத் தட்டிவிட்டுப் படியேறினார். அவர் பேருக்குக் கீழேயே ஹாரனும் போட்டார்.

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"வேலை இருக்கா?"

"இருக்குடி. அத விடு. அமைச்சர் கடிகாரத்தக் கேட்டாரு, அந்தம்மா முடியாதுன்னாங்க. அவரும் அப்படியே வச்சிட்டுப் போனாரு. என் கண்ணால பாத்தேன்."

"போங்க, கதை விடாதீங்க" என்றாள் அவள்.