கையெழுத்துக்குச் சொந்தக்காரி

அந்த ஓட்டலில் அவளை எல்லோரும் ‘மெம்பர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அடிக்கடி தங்கும் உறுப்பினர்களைக் கவனிப்பது பதினான்கு வருடமாக அவள் வேலை. யாருக்கு ஜன்னலோரம் வேண்டும், யாருக்கு லிஃப்ட் சத்தம் ஆகாது என்பதெல்லாம் அத்துப்படி.

அன்று காலை ‘மாடிக்காரர்’ வந்தார். தண்ணீர்ப் பம்பு விற்கும் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றுபவர். பதினாறு வருடமாக எட்டாவது மாடியைத் தவிர வேறெங்கும் தங்காததால் அந்தப் பெயர். ஆள் பாதியாக இளைத்திருந்தார். உறுப்பினருக்கான தங்க அட்டையை மேஜையில் வைத்தார். ரிசப்ஷன் பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“அக்கா, இவரை வெள்ளி அட்டைக்கு இறக்கிட்டாங்க. எட்டாவது மாடி தங்கத்துக்கு மட்டுந்தானாம், குடுக்க சிஸ்டம் விடமாட்டேங்குது.”

பின்னால் பெட்டியோடு நின்ற ஏழெட்டுப் பேர் காதிலும் அது விழுந்தது.

“அப்போ லெட்டர்ல இருந்தது நெசந்தான். என்னைக் கழட்டி விட்டுட்டீங்க” என்றார்.

“சார், வருஷத்துக்கு ஐம்பது நாள் தங்கணும். போன வருஷம் நீங்க பதினொண்ணுதான்...” என்றாள் மெம்பர் அக்கா.

“ஏழு மாசம் படுத்த படுக்கையாக் கெடந்தேம்மா.” அவர் குரல் உயரவே இல்லை. “பதினாறு வருஷமா வந்தவனைக் காணோமேன்னு ஒரு போன் வந்துச்சா? லெட்டர்தான் வந்துச்சு. கீழே உங்க கையெழுத்து.”

தலைமை அலுவலகத்து இயந்திரம் அவள் கையெழுத்தையும் சேர்த்து அச்சடித்து அனுப்பும் கடிதம் அது. அவள் படித்துப் பார்த்ததுகூட இல்லை.

“எதிர் ஓட்டல்ல மொத நாளே தங்க அட்டை தர்றானாம்” என்று பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

மேனேஜருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. இன்னொரு முறை. இல்லை. அவர் கதவருகே போய்விட்டார். அவள் மேஜையைச் சுற்றி ஓடிப்போய் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

“எட்டாவது மாடியிலயே இருங்க சார். என் பொறுப்பு.”

ஒரு மணி நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். “யாரைக் கேட்டுக் குடுத்தே? நாளைக்குப் பத்து மணிக்கு என் ரூமுக்கு வா.”

பள்ளி வேன் ஓட்டும் கணவனிடம் போனில் சொன்னாள். “சீட்டைக் கிழிச்சிருவாங்களா?” என்றான். “தெரியல” என்றாள்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் போகாமல், தரம் இறக்கப்பட்ட பழைய உறுப்பினர்களின் பட்டியலை எடுத்தாள். முப்பத்தொரு பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சொன்னதைப் பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டாள். ஒருவருக்கு வேலை போயிருந்தது. ஆறு பேர் எதிர் ஓட்டலுக்கு மாறியிருந்தார்கள். ஒரு வீட்டில் மனைவி எடுத்தாள். “அவர் போய் மூணு மாசமாச்சுங்க. லெட்டர் மட்டும் வந்துச்சு” என்றாள். அதையும் குறித்துவிட்டு அடுத்த எண்ணைத் தட்டினாள்.

மறுநாள் மேனேஜர் மெமோவை நீட்டினார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, பட்டியலை மேஜையில் வைத்தாள். அவர் கடைசிப் பெயர்வரை படித்தார்.

“மெமோ மெமோதான்” என்றார் கடைசியில். “ஆனா இனிமே நீ போன் பண்ணிப் பேசாம ஒரு லெட்டரும் போகாது. தலைமை ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன்.”

அந்த வருடம் அவளுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். மாடிக்காரர் இரண்டு மாதம் கழித்து வெள்ளி அட்டையோடுதான் வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனவர் ஐந்தாவது நிமிடம் போன் செய்தார்.

“என்னம்மா இது, தலையணை கல்லு மாதிரி இருக்கு!”

அன்று குரலே உயர்த்தாதவர் இப்படித் திட்டத் திட்ட அவளுக்கு நெஞ்சு லேசானது.